உள்ளே: 1

செப்டம்பர் 4, வியாழன்

லேப்டாப்பில் எழுதினால் ஆபீஸ் சர்வருக்குப் போய்விடும். அதனால் பேப்பர். லாட்ஜுக்கு எதிர்க்கடையில் நோட்டும் பேனாவும் வாங்கினேன்.

வந்த வேலை இது. தூத்துக்குடி பைபாஸில் ஓர் இறால் ஆலை. அதன் வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி இருக்கிறது. எங்கள் கோவைக் கம்பெனி தயாரிப்பு, ஜனவரியில் நான் பொருத்தியது. உள்ளே போகும்போது முகத்தைக் காட்டினால் வணக்கம் சொல்லும். வெளியே வரும்போது நன்றி சொல்லும். வாசலுக்கு மேலே ஒரு பலகை, உள்ளே எத்தனை பேர் என்று காட்டும். மாலை ஆறு மணிக்கு அந்த எண் பூஜ்ஜியம் என்றால் குளிர் கிடங்கின் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். மைனஸ் இருபது டிகிரி.

ஆகஸ்ட் 14 காலையில் அந்தக் கிடங்குக்குள் ஒரு தொழிலாளி இறந்து கிடந்தார். பெயர் பிரகாசி. வயது 34. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியில் பனி இறுகியிருந்ததாம். ஆனால் முந்தின நாள் மாலை 5:52க்கு அவர் வெளியே போய்விட்டதாகக் கருவி சொல்கிறது. புருஷன் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் வழக்குப் போட்டிருக்கிறார். கருவி சரியாக வேலை செய்தது என்று நான் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மணி நேர வேலை. நாளை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஆலை மேனேஜர் கிப்சன் இன்னொரு புகாரும் சொன்னார். ஆலை மறுபடி திறந்த ஆகஸ்ட் 18 முதல் பலகை பூஜ்ஜியத்துக்கு வருவதே இல்லை. எல்லாரும் போன பிறகும் 'உள்ளே: 1'. கதவு பூட்டாது. வாட்ச்மேன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சாவியால் பூட்ட வேண்டும். அவர் உள்ளே போக மாட்டேன் என்கிறார்.

"யார் பேரு நிக்குது?" என்றேன்.

கிப்சன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "பிரகாசி. தெனமும் காலைல ஏழு அம்பத்தெட்டுக்கு உள்ள வாறா. வெளிய போறதில்ல."

பதினாறு வேலை நாள். பதினாறு பதிவு. சாப்ட்வேர் கோளாறு.

செப்டம்பர் 5, வெள்ளி

அவர் பெயரை அழித்தால் வேலை முடிந்தது என்று காலையிலேயே கீபோர்டில் கை வைத்தேன். கிப்சன் பதறிப்போய் ஆலையின் வக்கீலுக்குப் போன் போட்டார். வக்கீல் ஆறுமுகநயினார் என்னை ஆபீஸுக்கு வரச் சொன்னார். அழகாகச் சீவிய வெள்ளை முடி, மேசையில் ஒரு தட்டு நிறைய முந்திரி மக்ரூன்.

"எடுத்துக்கிடுங்க தம்பி. அழிச்சுக்கிழிச்சுப் போடாதீய. வழக்கு நடக்கும்போது அந்தப் பேர அழிச்சா சாட்சியத்த அழிச்ச மாதிரி ஆயிரும். உள்ள போயிருவிய."

"அப்ப கேஸ் முடியற வரைக்கும் அவங்க உள்ளயே இருக்கட்டுங்களா?"

"சட்டப்படி அப்படித்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63. கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாக ஏற்க வேண்டுமென்றால் கூடவே சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பாகம். முதல் பாகம் ஆலைக்காரர்கள், இரண்டாவது தொழில்நுட்பம் தெரிந்தவர், அதாவது நான். கருவி அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியது என்று சொல்ல வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். கோப்பின் கைரேகை மாதிரி அது. ஒரு புள்ளி மாறினாலும் எண்ணே மாறிவிடும்.

"ஆகஸ்ட் பதிமூணு, அந்த ஒரு நாள் மட்டும் போதும்" என்றார்.

"அவங்க வெளிய போனாங்கன்னே வைங்க. அப்புறம் எப்படி உள்ள வந்தாங்க?"

"இறால் திருடத் திரும்பி வந்திருக்கா. பின்பக்கச் சுவரு தாழ்வு. வேலை நேரத்துல நடக்கல, வேலைக்காகவும் நடக்கல. அவ்வளவுதாம் நம்ம வாதம்."

மக்ரூன் நன்றாக இருந்தது. டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். பலகைக் கோளாறைச் சரிசெய்யாமல் போனால் மறுபடி கூப்பிடுவார்கள்.

செப்டம்பர் 6, சனி

கருவியின் அமைப்புகளைப் பார்த்தேன். ஒற்றுமை வரம்பு 60. அதாவது பதிந்த முகத்தோடு நூற்றுக்கு அறுபது ஒத்துப்போனால் போதும். கம்பெனிப் பரிந்துரை 85. வேலைக் களத்தில் எல்லாரும் குறைத்துத்தான் வைப்பார்கள். இங்கே பெண்கள் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தெரிவது கண் மட்டும். 85 வைத்தால் ஒருத்தர் பாக்கி இல்லாமல் திருப்பி அனுப்பும்.

இன்றும் 7:58. பதினெட்டு.

செப்டம்பர் 7, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். லாட்ஜ் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்கவே இல்லை. மதியம் புரோட்டா.

முதலாளி பழனிச்சாமி அண்ணன் கோவையிலிருந்து கூப்பிட்டார். "ஏன்டா சிபி, ஒரு கையெழுத்துப் போடறதுக்கு நாலு நாளா? அடுத்த மாசம் இருவது மில்லுக்கு இதே கருவி போறது தெரியுமில்ல? வழக்குல நம்ம பேரு கெட்டா அத்தனையும் போச்சு."

"நாளைக்கு முடிச்சர்றேனுங்ண்ணா."

சும்மா இருக்க முடியாமல் பதிவுகளைத் திறந்தேன். போன இரண்டு ஞாயிறுகளிலும் பிரகாசி வரவில்லை. இன்றும் இல்லை. கோளாறு என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். கோளாறுக்கு லீவு நாள் எப்படித் தெரியும்?

ஒவ்வொரு பதிவோடும் கருவி ஒரு படம் எடுக்கும். பதினெட்டுப் படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் மூன்றும் தட்டையாக இருக்கின்றன, ஓரத்தில் பளபளப்பு. யாரோ போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. பொம்பளைகள் விளையாட்டு.

நாலாவதிலிருந்து ஓரம் இல்லை. தொப்பி, கவசம், நடுவே கண். எதிரில் நிற்பது போட்டோவா ஆளா என்று கண்டறிய, இமைப்பை வைத்து ஒரு சோதனை உண்டு. முதல் மூன்று நாள் 'ஐயம்' என்று போட்டிருக்கிறது. மற்ற பதினைந்து நாளும் 'தேறியது'.

செப்டம்பர் 8, திங்கள்

நேரில் பார்த்துவிடுவது என்று ஏழரைக்கே வாசலுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கருவிக்கு எதிரே நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டேன். கையில் பழைய எண்ணும் கருவி. ஒரு ஆளுக்கு ஒரு அழுத்து.

பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி கேட்டாள். "என்ன சார், பொண்ணு பாக்க வந்திருக்கியளா? இப்படி உத்துப் பாக்கிய!"

இன்னொருத்தி: "கவசத்தக் கழட்டவா? பயந்துராதிய."

ஒரே சிரிப்பு. நான் எண்ணுவதை விடவில்லை.

7:58. வரிசையில் ஓர் இடைவெளி வந்தது. ஒருத்தி உள்ளே போய்விட்டாள், அடுத்தவள் செருப்பைக் கழற்றக் குனிந்திருந்தாள். கருவிக்கு முன்னால் யாருமில்லை. "வணக்கம், பிரகாசி" என்றது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்திருந்தவள் நிமிர்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு ஆள் நகர்ந்து போக ஆகும் நேரம் நின்றாள். அப்புறம்தான் கருவிக்கு முன்னால் வந்தாள். அத்தனை பேருக்கும் பழக்கமாகிவிட்டது போலிருந்தது.

நான் எண்ணியது 147. வாசல் கருவி எண்ணியது 148.

அந்தப் படத்தைத் திறந்தேன். தொப்பி, கவசம், கண். தோளுக்குப் பின்னால் கொஞ்சம் மங்கலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான். நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் முதுகை.

கூட்டத்தில் யாரையாவது தவறவிட்டிருப்பேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று வாசலில் உட்காரவில்லை. தலைவலி.

செப்டம்பர் 10, புதன்

ஆலைக்கு எதிரே டீக்கடை. டீ வாங்கித் திரும்பினால் ஒரு ஆள். கட்டம் போட்ட லுங்கி, கடலில் கறுத்த முகம்.

"நீங்கதான மிஷின் இன்ஜினியர்? நான் மிக்கேல். பிரகாசி வீட்டுக்காரன்."

ஆலை ஆட்கள் இவரோடு பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் டீயைக் குடித்தேன்.

"அவ தெனமும் வாறான்னு மிஷின் சொல்லுதாமே. உள்ளதா?"

"அது சாப்ட்வேர் பிரச்சினைங்க."

"எத்தன மணிக்கு?"

சொல்லியிருக்கக் கூடாது. "ஏழு அம்பத்தெட்டு."

தலையாட்டினார். "அப்பம் சரி. எட்டு மணின்னா அவளுக்கு ரெண்டு நிமிசம் முன்னால போயிரணும்." வாசலையே பார்த்தார். "நான் ஒரு வாரமா இங்ஙனதான் நிக்கேன். என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கா. தம்பி, ஊருல அவளத் திருடிங்காவ. புள்ள பள்ளிக்கூடத்துக்குப் போவ மாட்டேங்கு. துட்டு தந்தாலும் சரி தராட்டியும் சரி. அவ வெளிய வரவே இல்லன்னு ஒரு தாளுல எழுதித் தரச் சொல்லுங்க. போதும்."

"அது என் கையில இல்லைங்க" என்றேன்.

டீ ஆறிப்போயிருந்தது. டீக்கடைக்காரர் சில்லறை தர மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் சூசையம்மாவைப் பிடித்தேன். பெண்களுக்கெல்லாம் சூப்பர்வைசர், ஐம்பது வயது இருக்கும். மாலையில் தானும் வெளியே வந்து, பலகை பூஜ்ஜியம் காட்டியதும் மின்விளக்குகளை அணைத்துவிட்டுக் கடைசியாகப் போகிறவர் இவர்தான்.

போட்டோ படங்களைக் காட்டினேன். மறுக்கவில்லை.

"ஆமா, நாங்கதாம் காட்டுனோம். அடக்கத்துக்கு அடிச்ச அட்டையில உள்ள போட்டோ. இவிய மிஷின் அவளப் போய்ட்டான்னு சொல்லிப் பூட்டிச்சு. நாளைக்கு என்னையும் சொல்லும், இன்னொருத்தியையும் சொல்லும். அவ பேரு உள்ள நின்னா கதவு பூட்டாதுல்லா? அதுக்குத்தாம்."

எரிச்சலாக வந்தது. "அக்கா, இத முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம். நாளையிலிருந்து காட்டாதீங்க."

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"நாங்க மூணு நாளுதாம் காட்டுனோம் தம்பி. நாலாம் நாளு அட்டைய எடுக்கதுக்கு முந்தியே அதுவா வணக்கஞ் சொல்லிச்சு. அதுக்கப்புறம் எவளும் காட்டல. அட்டைய அவ மாப்பிள்ளகிட்ட குடுத்தாச்சு."

நான் எழுந்துகொண்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல நினைப்பது தெரிந்தது.

"அன்னைக்கு சாயந்தரம், நான் வெளிய வரும்போது, மிஷின் ரெண்டு மட்டம் நன்றி சொல்லிச்சு. எனக்கு ஒரு மாதிரிதாம் இருந்திச்சு. அவ கடைசி ட்ரேய அடுக்கிட்டு வாறேன்னா. அண்ணாந்து பாத்தா பூஜ்ஜியம். சரி, எனக்கு முன்னால போயிட்டா போலன்னு நெனச்சேன்."



செப்டம்பர் 12, வெள்ளி

ஆகஸ்ட் 13. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இரண்டு படங்களை இன்று பார்த்தேன்.

5:52:10. பதிவு: பிரகாசி. ஒற்றுமை 61.
5:52:14. பதிவு: சூசையம்மா. ஒற்றுமை 88.

இரண்டிலும் ஒரே தொப்பி. இடது பக்கம் அதே பிரிந்த நூல். இரண்டிலும் அதே கண், கண்ணோரத்தில் அதே சுருக்கம். முதலில் வேறு பெயர் சொல்லியிருக்கிறது; அது சரியாகக் காதில் விழாமல் சூசையம்மா மறுபடி முகத்தைக் காட்டியிருக்கிறார். ஒரு ஆள் வெளியே போனார், இரண்டு பேர் குறைந்தார்கள். பலகை பூஜ்ஜியத்துக்கு வந்தது. ஆறு மணிக்குக் கதவு பூட்டியது.

வரம்பு 85 ஆக இருந்திருந்தால் 61ஐக் கருவி ஏற்றிருக்காது.

வரம்பு எப்போது குறைந்தது என்பதும் பதிவில் இருக்கும். இருந்தது. மார்ச் 11, காலை 10:14. மாற்றியவர்: சிபி. மொபைலிலிருந்து.

நினைவிருக்கிறது. இத்தனை நாளும் நினைவிருந்தது. முந்தைய பக்கங்களில் 'எல்லாரும் குறைப்பார்கள்' என்று எழுதியது நான்தான். மார்ச் 11 அன்று ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கிப்சன் கூப்பிட்டு வாசலில் அரை மணி நேரம் வரிசை நிற்கிறது என்று கத்தினார். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். 60 போட்டேன். வரிசை போய்விட்டது என்றார். சோதித்துப் பார்க்கவில்லை. கதவுப் பூட்டும் அதே எண்ணிக்கையை நம்பி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை இணைத்ததே நான்.

செப்டம்பர் 13, சனி

வக்கீல் ஆபீஸ். சான்றிதழ் தட்டச்சாகித் தயாராக இருந்தது.

"சார், பதிமூணாந்தேதி கருவி சொன்னது உண்மைன்னா, இன்னைக்குக் காலைல சொன்னதும் உண்மை. ரெண்டும் ஒரே கருவி."

"இன்னைக்குச் சொன்னத யாரு கேக்கா?"

"கேட்டாங்கன்னா?"

"கேக்க மாட்டாவ. நாம குடுக்கது ஒரு நாள் கோப்பு." பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பிறகு குரலை இறக்கினார். "தம்பி, வரம்ப யாரு கொறைச்சான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா? கிப்சன் சொல்லிட்டாம். இதுல கையெழுத்துப் போட்டா அது வெளிய வராது. போடலன்னா போலீஸ் மொதல்ல ஒங்களத்தாம் தேடும். அலட்சியத்தால மரணம். வயசு என்ன ஒங்களுக்கு, இருவத்தாறா?"

படித்துப் பார்க்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணன் போன். "போட்டுட்டியா?" "இன்னும் படிக்கலைங்ண்ணா." "டேய், செத்தவங்க செத்துட்டாங்க. நீ இருக்கறயில்ல?"

இன்று 7:58க்கு எடுத்த படத்தைத் திறக்கவே கூடாது என்றிருந்தேன். திறந்தேன். இவ்வளவு நாளும் கண்கள் கருவியைப் பார்த்திருந்தன. இன்று கொஞ்சம் பக்கவாட்டில், தோளுக்குப் பின்னால் காலி நாற்காலி இருந்த திசையில்.

செப்டம்பர் 15, திங்கள்

விசாரணை. ஆணையர் ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடி, பச்சை மையில் எழுதுகிறார். அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. மிக்கேல் சட்டைப் பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு பின்பெஞ்சில் இருந்தார்.

என் பையில் இரண்டு தாள். வக்கீல் தந்தது ஒன்று. நேற்று லாட்ஜில் நான் எழுதி, இன்று காலை கடையில் தட்டச்சு செய்தது ஒன்று.

"சான்றிதழ் கொண்டு வந்திருக்கீங்களா?"

இரண்டாவதைக் கொடுத்தேன். ஆறுமுகநயினார் பாதி எழுந்தார். அம்மாள் கையால் உட்காரச் சொல்லிவிட்டுச் சத்தமாகவே வாசித்தார். மார்ச் 11 முதல் கருவி ஒழுங்காக இயங்கவில்லை. ஒற்றுமை வரம்பைச் சோதிக்காமல் குறைத்தவன் நான். 5:52:10 பதிவு வேறொரு தொழிலாளியின் முகத்திலிருந்து உருவானது. பிரகாசி வெளியே சென்றதற்கு இந்தக் கருவியில் எந்தப் பதிவும் இல்லை. இணைத்திருப்பது ஜனவரி முதல் இன்று காலை வரையிலான முழுக் கோப்பு, ஹாஷ் எண் கீழே.

அந்த 'வேறொரு தொழிலாளி' யார் என்று எழுதவில்லை. படத்தைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

"இன்னைக்குக் காலை வரைன்னா," அம்மாள் பக்கங்களைப் புரட்டினார், "ஆகஸ்ட் பதினெட்டுக்கு அப்புறமும் அவங்க பேர் வருதே. இதுக்கு என்ன விளக்கம்?"

"முதல் மூணு நாள் போட்டோவைக் காட்டியிருக்காங்க மேடம். கருவி பழகப் பழக முகத்தைப் புதுப்பிச்சுக்கும். அந்த அளவு குறைஞ்ச வரம்புல வேற யார் கண்ணையும் அவங்கன்னு எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கலாமா? எடுத்துக்கிச்சா?"

"தெரியல மேடம்."

அதையும் பச்சை மையில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மிக்கேல் என் கையைப் பிடித்தார். மகளுக்குப் போன் போட்டார். "ஏட்டி, அம்மா வெளிய வரலன்னு எழுதியாச்சு" என்றார். ஆறுமுகநயினார் காரில் ஏறும்போது, "வக்கீல் வச்சுக்கிடுங்க தம்பி, நல்ல ஆளாப் பாத்து" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 17, புதன்

வேலை போயிற்று. மெயில் இரண்டு வரி. போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம், நாலு மணி நேரம். ஊரை விட்டுப் போகக் கூடாதாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதற்கு லாட்ஜ் பையன் வேறு சோப்பு சொன்னான்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆணையர் உத்தரவு: கருவிக்குச் சீல். பொருத்தியவன் உடனிருக்க வேண்டும். இனி வருகை பதிவேட்டில். மாலையில் ஒரு ஆள் கிடங்குக்குள் போய்ப் பார்த்துவிட்டு, கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பூட்ட வேண்டும்.

மூன்று மணிக்கு மின்சாரத்தைத் துண்டித்தேன். பலகை அணைந்தது. அரக்கு ஊற்றி முத்திரை வைத்தார்கள். கேமராவின் கண் இருக்குமிடத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள்.

ஐந்தே முக்காலுக்குச் சூசையம்மா பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "இருக்கேன்", "இருக்கேன்" என்று வெளியே வந்து நின்றார்கள். 147. புது நோட்டு, அதில் பிரகாசியின் பெயர் இல்லை. யாரும் கிளம்பவில்லை.

உள்ளே போய்ப் பார்ப்பது யார்? வாட்ச்மேன் நகரவில்லை. கிப்சன் தனக்குச் சளி என்றார்.

"நீங்க போங்க தம்பி" என்றார் சூசையம்மா. "நீங்கதாம் பாக்கணும்."

குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் புகை மாதிரி பனி. உள்ளே அடுக்கடுக்காக ட்ரே, ஆள் உயரத்துக்கு. நான்கு சந்து. ஒவ்வொன்றின் கோடி வரை போனேன். மூன்றாவது சந்தில் ஒரே ஒரு ட்ரே பாதி வெளியே நீட்டியிருந்தது. உள்ளே தள்ளி வைத்தேன். தள்ளும்போது லேசாக இருந்தது, மறுபக்கத்தில் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. தரையில் பனி வழுக்கும், அதனால்தான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட்டேன். மோட்டார் ஓடும் சத்தம். காத்திருந்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

வெளியே வந்தேன். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். சூசையம்மா பதிவேட்டை நீட்டினார். 'கிடங்கினுள் யாரும் இல்லை' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்:

'நான் பார்த்தவரை யாரையும் காணவில்லை.'

சூசையம்மா வாசித்தார். சாவியை வாட்ச்மேனிடமிருந்து வாங்கினார். "அப்பம் பூட்டலாமா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, கதவைப் பார்த்து.